ஐசக்: ரீபர்த் மட்டும் இருக்கு, மாம்ஸ் ஹார்ட் 6 தடவை முடிச்சாச்சு. ரிப்பென்டன்ஸ் இப்பவே வாங்கலாமா?

மண்பானை42:

ஸ்டீம்ல பைண்டிங் ஆஃப் ஐசக்: ரீபர்த் (ஒவ்வொரு ரன்னும், அதாவது ஒவ்வொரு ஆட்டமும், முதல் தளத்துலேர்ந்து புதுசா தொடங்கற கேம்) வெறுமனே இருக்கு, டிஎல்சி (தனியா விக்கற கூடுதல் பகுதி) ஒண்ணும் வாங்கலை. நிலவரம்: நார்மல் மோடு, மாம்ஸ் ஹார்ட்ங்கற பாஸை (தள முடிவுல வர்ற பெரிய எதிரி) 6 தடவை அடிச்சாச்சு. ஐசக், மேக்டலீன், கெய்ன் மூணு பேரை வெச்சுத்தான் ஆட்டம்.

கேள்விகள்:

ஆஃப்டர்பர்த், ஆஃப்டர்பர்த் பிளஸ், ரிப்பென்டன்ஸ்னு மூணு இருக்கு. நடுவுல இருக்கறதைத் தாண்டிட்டு ரிப்பென்டன்ஸ் மட்டும் வாங்க வழி உண்டா?

ரிப்பென்டன்ஸ் ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. கஷ்டம்னா கடைசித் தளங்கள் மட்டும் கஷ்டமா, இல்லை முதல் தளத்துலேர்ந்தே அடி விழுமா? முதல்லேர்ந்தே மாறுதுன்னா, இந்த நிலைமையில காசு போடறது சரியா?

"அருமையான கேம், வாங்குங்க" மாதிரி பதில் வேண்டாம். என்ன மாறும், எவ்வளவு மாறும், அது தெரிஞ்சா போதும்.

——

டி6 தாத்தா:

முதல் கேள்விக்குப் பதில்: கணினியில் தாண்ட முடியாது. ரிப்பென்டன்ஸ் ஓட ரீபர்த், ஆஃப்டர்பர்த், ஆஃப்டர்பர்த் பிளஸ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஆகவே ரிப்பென்டன்ஸின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மூன்று டிஎல்சியின் விலையையும் கூட்டினால் ரீபர்த்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். தள்ளுபடிக் காலம் தவிர வேறு நாளில் வாங்குவது வீண்.

எதில் என்ன இருக்கிறது:

ஆஃப்டர்பர்த் (2015): கிரீட் மோடு என்ற தனி ஆட்ட முறை, ஹஷ் என்ற பாஸ், லிலித், கீப்பர் என்ற பாத்திரங்கள், தினசரி ரன். கூடவே பேஸ்மென்ட், கேவ்ஸ், டெப்த்ஸ், வூம்ப் என்ற நான்கு தளப் பகுதிகளுக்கும் ஒவ்வொரு மாற்று வடிவம் (எரியும் பேஸ்மென்ட், வெள்ளம் நிறைந்த கேவ்ஸ் இந்த மாதிரி). திருப்தியான விரிவாக்கம்.

ஆஃப்டர்பர்த் பிளஸ் (2017 ஜனவரி): அப்போலியன், பிறகு வந்த ஃபர்காட்டன் என்ற பாத்திரங்கள், மாட் (ரசிகர்கள் எழுதும் மாற்றங்கள்) ஆதரவு, வாய்டு தளம், அதன் முடிவில் டெலிரியம். டெலிரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அவன் வேறு பாஸ்களின் உருவத்துக்கு மாறிக்கொண்டே இருப்பான். மாறும் கணத்தில் இடமும் மாறி, நீங்கள் நிற்கும் இடத்திலேயே வந்து விழுவான். அது கடினம் இல்லை, அநியாயம். உங்கள் கையில் தப்பே இருக்காது, உயிர்க் கணக்கில் இதயம் போயிருக்கும். இந்த டிஎல்சியைத் தனியாக யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிப்பென்டன்ஸுக்குப் போகிற வழியில் மிதித்துப் போகும் படி, அவ்வளவுதான்.

ரிப்பென்டன்ஸ் (2021 மார்ச் 31): ஆன்டிபர்த் என்ற ரசிகர் மாட் இருந்ததே, அதன் அடித்தளத்தில் எழுந்தது. 130க்கு மேல் புதிய ஐட்டம் (வழியில் எடுக்கும் சக்திப் பொருள்), மொத்தம் 700ஐத் தாண்டும். மாற்றுப் பாதை ஒன்று, மதர், பீஸ்ட் என்று இரண்டு இறுதி பாஸ், பெத்தனி, ஜேக்கப்-ஈசாவ், அதற்கு மேல் 17 டெயின்டட் பாத்திரங்கள் (மற்ற பாத்திரங்களின் மாற்று வடிவங்கள்).

இனி இரண்டாவது கேள்வி. ரிப்பென்டன்ஸில் கடினம் இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, டிஎல்சியை நிறுவிய உடனே எல்லா ரன்னிலும் வந்து உட்காருவது. அறை அமைப்புகள், எதிரிகள், ஐட்டங்களின் பலம் எல்லாம் முதல் தளத்திலிருந்தே வேறு. உதாரணம் 20/20. ரீபர்த்தில் அது கிடைத்தால் ஒன்றுக்கு இரண்டு கண்ணீர் (ஐசக்கின் தோட்டா அதுதான்), ஒவ்வொன்றும் முழு டேமேஜ். பாதி ரன் ஜெயித்த மாதிரி. ரிப்பென்டன்ஸில் அதோடு டேமேஜ் குறைப்பும் சேர்ந்து வரும். நல்ல ஐட்டம்தான், ஆனால் அது ஒன்றே ரன்னைச் சுமக்காது. மறுபக்கம், ரீபர்த்தில் குப்பையாகக் கிடந்த பல ஐட்டங்களுக்கு உயிர் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்ளே 0 முதல் 4 வரை தரம் குறித்திருக்கிறார்கள். மொத்தத்தில், தானாக ஜெயிக்கிற ரன் குறைந்திருக்கிறது, தானாகத் தோற்கிற ரன்னும் குறைந்திருக்கிறது.

இரண்டாவது வகை, மதரும் பீஸ்டும் இருக்கிற பாதைகள். அவை பூட்டியிருக்கும். மாற்றுப் பாதையின் கதவு ஹஷ்ஷை ஒரு முறை வீழ்த்திய பிறகுதான் தோன்றும். 6 ஹார்ட் நிலையில் நீங்கள் ரிப்பென்டன்ஸ் வாங்கினால், எல்லாரும் பயமுறுத்தும் அந்தப் பகுதி உங்கள் கண்ணிலேயே படாது.

எனவே என் கருத்து: ஹஷ்ஷை அடிக்கிற வரை காத்திருங்கள். அதற்கு முன்னால் வாங்கினால், சாப்பாட்டுக்குக் காசு கட்டிவிட்டு இலை போடுமுன் எழுந்து போகிற கதைதான்.

——

தூக்கம்கெட்டவன்:

தாத்தா, ஒரு ஓட்டை இருக்கு. ஹஷ் ரீபர்த்திலேயே கிடையாது. "ஹஷ்ஷை அடிச்சுட்டு வாங்கு"ன்னா அவர் எதை வெச்சு அடிப்பாரு? ஆஃப்டர்பர்த்தாவது வாங்கித்தான் ஆகணும்.

சரி, ஆஃப்டர்பர்த் மட்டும் இப்ப, மத்தது அப்புறம்னு பிரிச்சு வாங்கலாமான்னா, அதுக்கும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன். காரணம் காசு இல்லை, பழக்கம். ஐசக்ல பாதி ஆட்டம் மனப்பாடம். எந்த ஐட்டத்தை எடுக்கணும், எதை விடணும், டெவில் டீல்ல (இதயம் கொடுத்து ஐட்டம் வாங்கற பேரம்) ரெண்டு இதயம் கொடுக்கறது எதுக்குத் தகும், எந்த எதிரி எப்ப சுடுவான், இதெல்லாம் 100 மணி நேரம் ஆடி ஏறுற விஷயம். பழைய கணக்குல அதை ஏத்திட்டு, அப்புறம் ரிப்பென்டன்ஸ் போனா, ஏறினதுல ஒரு பங்கை அழிச்சு எழுதணும். 6 ஹார்ட்ல இருக்கறவருக்கு அழிக்க வேண்டியது கம்மி. இதுதான் மாற நல்ல நேரம்.

இன்னொண்ணு. ரிப்பென்டன்ஸை முதல் தடவை ஓட்டும்போது ஆஃப்டர்பர்த் பிளஸ் சேவ் இருந்தா அதை உள்ளே கொண்டு வரவான்னு கேக்கும். இது ஒருவழிப் பாதை. அங்கேர்ந்து இங்க வரும், இங்க சம்பாதிச்ச அன்லாக் அங்க திரும்பிப் போகாது. அதனால முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி ஆடற திட்டம் வேண்டாம்.

அநியாயம்னு சொன்னீங்களே டெலிரியம், ரிப்பென்டன்ஸ்ல அவனைக் கொஞ்சம் அடக்கி வெச்சிருக்காங்க. அதுவும் நேரா ரிப்பென்டன்ஸ் போக ஒரு காரணம்.

——

டி6 தாத்தா:

ஹஷ் விஷயத்தில் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பழக்கத்தை அழித்து எழுதுவது பற்றிச் சொன்னதும் சரிதான். என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன்: வாங்குவதானால் தள்ளுபடியில் மூன்றையும் சேர்த்து வாங்கி, நேராக ரிப்பென்டன்ஸில் ஆடலாம்.

ஆனால் "வாங்குவதானால்" என்பதை அடிக்கோடிடுகிறேன். ரீபர்த்திலேயே இன்னும் செஸ்ட், டார்க் ரூம் என்ற கடைசித் தளங்கள், மெகா சாத்தான் என்ற பாஸ் எல்லாம் அவர் பார்க்கவில்லை. போலராய்டு என்ற ஐட்டத்தை எடுத்து கதீட்ரல் வழியாக செஸ்ட்டுக்கும், நெகட்டிவ் எடுத்து ஷியோல் வழியாக டார்க் ரூமுக்கும் போவது, இரண்டு தேவதைகளிடமிருந்தும் சாவித் துண்டுகளைப் பறித்து மெகா சாத்தானின் கதவைத் திறப்பது, இதற்கே பல மாதம் ஆகும். கையில் இருப்பது தீரவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

——

மண்பானை42:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஹஷ் பத்தி இன்னும் கொஞ்சம். 30 நிமிஷக் கணக்குன்னு எங்கேயோ படிச்சேன். என் ரன் எல்லாம் 45, 50 நிமிஷம் ஆகுது. அப்ப ரிப்பென்டன்ஸ் வாங்கியும் அந்தக் கதவு திறக்காதா?

——

தூக்கம்கெட்டவன்:

30 நிமிஷம் முழு ரன்னுக்கு இல்லை. வூம்ப் 2ல மாம்ஸ் ஹார்ட் (பின்னாடி அதோட இடத்துல வர்ற இட் லிவ்ஸ்) சாகும்போது கடிகாரம் 30க்குள்ள இருக்கணும். இருந்தா அந்த அறையிலேயே ஹஷ் இருக்கற தளத்துக்கு வழி திறக்கும். உள்ளே போன பிறகு எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கலாம். ஹார்ட்டை இன்னும் சில தடவை அடிச்ச பிறகுதான் இது ஆரம்பிக்கும், உங்க 6 பத்தாது.

கணக்கு: பேஸ்மென்ட் 1லேர்ந்து வூம்ப் 2 வரை 8 தளம். 30ஐ எட்டால வகுத்தா தளத்துக்கு 3 நிமிஷம் 45 நொடி. பாஸ் ரஷ் (பல பாஸ் வரிசையா வர்ற தனி அறை) இதைவிட இறுக்கம்: 6ஆவது தளத்துல மாம் 20 நிமிஷத்துக்குள்ள விழணும், அதாவது தளத்துக்கு 3 நிமிஷம் 20 நொடி. மேப் பட்டனை அழுத்திப் பிடிச்சா நேரம் தெரியும். தளம் முடிஞ்சு இறங்கும்போது ஒரு தடவை பார்த்தா போதும்.

45 நிமிஷம் ஆகுதுன்னா நேரம் சண்டையில போகலை. வழக்கமா இங்கதான் போகும்:

எல்லா அறையையும் துடைக்கறது. முதல் ரெண்டு தளம் துடைக்கலாம், அங்க எதிரி லேசு, சாவி, குண்டு சேரும். டெப்த்ஸ்லேர்ந்து ஐட்டம் ரூம், கடை, பாஸ் மூணும் போதும்.

கடைசிக் காசு வரைக்கும் டொனேஷன் மிஷின்ல போடறது. ஹஷ் ரன்ல தொடாதீங்க.

சீக்ரெட் ரூம் தேடி சுவர் சுவரா குண்டு வைக்கறது. மேப்பைப் பாருங்க, மூணு நாலு அறை சூழ்ந்த காலிக் கட்டம் எதுவோ அங்க ஒரு குண்டு. இல்லைன்னா விட்டுட்டுப் போங்க.

டெவில் டீல் அறையில நின்னு யோசிக்கறது. கருப்பு இதயம் (கூடுதல் உயிர்) கையில இருக்கா, டேமேஜ் ஏறுதா, எடு. இல்லைன்னா கிளம்பு.

லேபிரிந்த் கர்ஸ் (தளத்து மேல விழற ஒரு சாபம்) வந்தா முகம் சுளிக்காதீங்க. ரெண்டு தளத்தை ஒண்ணாக்கித் தரும், ஐட்டம் ரூமும் ரெண்டு, பாஸும் ரெண்டு. நடக்கற தூரம் குறையும்.

ஹஷ் சண்டைக்கு ஒரே எச்சரிக்கை. அவனுக்கு அடியைத் தடுக்கற கவசக் கணக்கு உண்டு. மத்த பாஸ் 10 நொடியில கரையற டேமேஜ் இருந்தாலும் இவன் நிப்பான். சண்டை நீளும்னு தெரிஞ்சே போங்க. கிட்ட நின்னு அடிக்கற ஆசையை விடணும். தோட்டா வளையம் கிளம்பற இடத்துல இடைவெளி குறுகல், தள்ளி நிக்க நிக்க அகலம். கீழ்ச்சுவர் ஓரமா நின்னு, கொஞ்சம் கொஞ்சமா இடம் மாறினாலே பாதி வளையம் தானா கடந்து போகும். பெரிய அசைவு எடுத்தீங்கன்னா அடுத்த வளையத்துக்குள்ள நீங்களே போய் விழுவீங்க.

——

கருப்பு இதயம்:

ஹஷ் முடிந்த பிறகு வருவதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் "கடினம்" என்று ஊர் சொல்வது எது என்று புரியும். மாற்றுப் பாதை ஒரு சந்தைக் கணக்கு. சாவி 1, குண்டு 2, இதயம் 2. இதை மனத்தில் வைத்து முதல் தளத்திலிருந்தே சேமிக்காதவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். சண்டையில் இல்லை, கதவில்.

பேஸ்மென்ட் 1 பாஸ் செத்ததும் அந்த அறையில் பூட்டிய கதவு ஒன்று தெரியும். சாவி ஒன்று கொடுத்தால் டவுன்போர். முதல் தளத்தில் சாவி கிடைக்கவில்லையென்றால் பதறாதீர்கள், பேஸ்மென்ட் 2லும் கதவு உண்டு, அது நேராக டவுன்போர் 2க்குப் போகும். முதல் தளத்திலேயே நுழைந்தால் டவுன்போர் 1, 2 இரண்டும் கிடைக்கும்; எங்கே நுழைந்தாலும் வழக்கமான வழியைவிட ஒரு தளம் கூடுதல். ஒரு தளம் என்றால் ஒரு ஐட்டம் ரூம், ஒரு பாஸ் ஐட்டம். அதுவும் இந்தப் பாதையின் ஐட்டம் ரூமில் இரண்டு பீடங்கள் இருக்கும், ஒன்று தெரியும், மற்றொன்றில் கேள்விக்குறி. ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆகவே கஷ்டமான பாதை என்பது பாதி உண்மை. எதிரி கடுமை, சம்பளமும் கூடுதல்.

டவுன்போர் 2ல் கண்ணாடி அறை ஒன்று இருக்கும். அதே தளத்தில் எங்கோ ஓரிடத்தில் வெள்ளை நெருப்பு. நெருப்பைத் தொட்டால் ஐசக் ஆவியாகிவிடுவான், அந்த உருவில் கண்ணாடிக்குள் நடந்து போய் மறுபக்கத்து ஐட்டம் ரூமில், மதரிடம் போகும் கதவைத் திறக்கும் கத்தியின் முதல் துண்டை எடுக்க வேண்டும். இங்கே விழும் பிழை ஒன்றே: தளத்தைப் பாதி துடைத்த நிலையில் நெருப்பைத் தொடுவது. ஆவி உருவில் ஒரே அடி போதும். நெருப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள எல்லா அறைகளையும் முதலில் காலி செய்துவிட்டு, அதன் பிறகு தொடுங்கள். கண்ணாடி அருகே குண்டும் வைக்காதீர்கள், உடைந்தால் போயிற்று.

டவுன்போர் 2 பாஸ் அறையில் அடுத்த கதவு, அடைத்துக் கிடக்கும். 2 குண்டு. திறந்தால் மைன்ஸ். இங்கே ஒரு குண்டோடு வந்து நிற்பதுதான் வாடிக்கையாக நடப்பது. டவுன்போரில் நிறமடித்த பாறையைப் பார்த்ததும் கை அரிக்கும். சோல் ஹார்ட் என்ற கூடுதல் இதயம் வரும்தான், ஆனால் கையில் 3 குண்டு இருந்தால் மட்டும் உடையுங்கள்.

மைன்ஸ் 2ல் தண்டவாளம் ஓடும் அறைகளில் மஞ்சள் பொத்தான் மூன்று. மூன்றையும் அழுத்தினால் சுரங்கத்துக்கு வழி. உள்ளே போனதும் உங்கள் ஐட்டம் எதுவும் வேலை செய்யாது, வெறும் ஐசக். இரண்டாம் துண்டை எடுத்த நொடியில் மதரின் நிழல் துரத்தத் தொடங்கும். அதை அடிக்க முடியாது, ஓட மட்டும்தான். உள்ளே போகும்போதே திரும்பி வரும் வழியை, எந்த வளைவில் என்ன தடை என்று, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அவசரம் இல்லை, வரும்போதுதான்.

மைன்ஸ் 2 பாஸ் அறையில் முள் கதவு, 2 இதயம் கேட்கும். தாண்டினால் மாசோலியம். மாசோலியம் 2ல் மாம் விழுந்த பிறகு, சேர்த்த கத்தியைச் சதைக் கதவின் மேல் எறிந்தால் மாம்ஸ் ஹார்ட், அதன் பின்னால் கார்ப்ஸ் 1, 2, முடிவில் மதர். கார்ப்ஸில் அரை இதயக் கணக்கே கிடையாது, எல்லா அடியும் முழு இதயம். மதருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மேற்சுவரோடு ஒட்டியிருப்பாள், அடி எங்கிருந்து வரும் என்று படித்துவிடலாம். இரண்டாவதில் சுவரை விட்டு இறங்கி அறையெங்கும் சுற்றுவாள். அங்கே வேகம் இல்லாத பாத்திரம் திணறும். ஸ்பீடு 1.0க்குக் கீழே என்றால் போகுமுன் எதையாவது விட்டுக்கொடுத்தாவது ஏற்றிக்கொள்ளுங்கள்.

கத்தித் துண்டு இல்லாமலும் மாசோலியம் வரை போய், மாமை முடித்து, வழக்கம்போல் வூம்புக்கு இறங்கிவிடலாம். கூடுதல் ஐட்டத்துக்காக மட்டும் இந்தப் பாதையை எடுப்பவர்கள் நிறைய. முதல் ஐந்தாறு முறை அப்படியே ஆடுங்கள், மதரைப் பற்றி நினைக்காதீர்கள்.

பீஸ்ட் பாதை வேறு கதை. டெப்த்ஸ் 2ல் மாமை முடித்து, போலராய்டு அல்லது நெகட்டிவ் எடுத்து, தளத்தின் தொடக்க அறைக்குத் திரும்பி அங்குள்ள விசித்திரக் கதவைத் திறக்க வேண்டும். பாஸ் அறையின் கதவு மூடியே இருக்கும் என்பதால் ஃபூல் சீட்டு (தொடக்க அறைக்குத் தூக்கிப் போகும் சீட்டு) அல்லது டெலிபோர்ட் ஏதாவது கையில் வேண்டும். மாமை அடித்த பிறகு "அய்யோ, ஃபூல் எங்கே" என்று தேடிப் பயனில்லை. சீட்டு முன்னாடியே பையில் இருக்கட்டும். பிறகு தளம் தளமாக மேலேறி வீட்டுக்குப் போய், டாக்மா, நான்கு குதிரைவீரர்கள், பீஸ்ட் என்று வரிசையாகப் பாஸ்கள்.

டெயின்டட் பாத்திரங்கள் அந்த வீட்டில்தான் ஒளிந்திருக்கிறார்கள். அங்குள்ள மறைவான அறையைச் சிவப்புச் சாவி மாதிரி ஏதாவது கொண்டு திறக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. அதாவது 17 டெயின்டட் வேண்டுமென்றால் 17 முறை அந்த வீடு வரை போக வேண்டும்.

——

சில்லறை:

வாங்குவது பற்றி மட்டும்.

ஸ்டீம் ரீஃபண்ட் டிஎல்சிக்கும் பொருந்தும்: வாங்கி 14 நாளுக்குள், டிஎல்சி வாங்கிய பிறகு மூல ஆட்டத்தில் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால். முன்பு ரீபர்த்தில் ஆடிய நேரம் கணக்கில் வராது. உங்கள் வேகத்தில் 2 மணி நேரம் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று ரன். அதற்குள் மாற்றுப் பாதை தெரியாது. முதல் தளங்களின் மாற்றம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். அதைப் பார்க்க இரண்டு ரன் போதும்.

எல்லா ரோக்லைக்கிலும் (ஐசக் மாதிரி தோற்றால் முதலிலிருந்து தொடங்கும் ஆட்டங்கள்) டிஎல்சி இப்படி ஆட்டத்தையே மாற்றாது. டெட் செல்ஸை எடுங்கள். அதில் காசு கொடுத்து வாங்கும் டிஎல்சிகள் பக்கவழித் தளங்கள்: இந்த பாஸுக்குப் பதில் அந்த பாஸ், இந்தத் தளத்துக்குப் பதில் அந்தத் தளம். கடுமை ஏறுவது பாஸ் செல் (அந்த ஆட்டத்தின் கடுமை அளவு) எண்ணிக்கையால், 0லிருந்து 5 வரை. டிஎல்சி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது உங்கள் கையில். அங்கே தாராளமாக முதல் நாளே வாங்கலாம். டார்க்கஸ்ட் டன்ஜனின் கிரிம்சன் கோர்ட் நேர் எதிர். ரத்தம் குடிக்கும் நோய் உங்கள் ஆட்களிடம் பரவி, வழக்கமான குகைகளிலும் தொல்லை கொடுக்கும். முதல் கேம்பெயினில் அதை அணைத்து வைப்பதுதான் நல்லது. ஐசக் இந்த இரண்டுக்கும் நடுவில்.

மொத்தம் எவ்வளவு ஆட்டம் கிடைக்கும் என்று கேட்டால்: ரிப்பென்டன்ஸில் 34 பாத்திரம், ஒருவருக்கு 12 முடிப்புக் குறி (பெரிய சண்டை ஒவ்வொன்றையும் முடித்ததற்கான அடையாளம்). பெருக்கினால் 408. சாதனைகள் 637. இதில் கால்வாசியைத் தொட்டாலே போட்ட காசு தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் முடிப்பேன் என்று வாங்காதீர்கள். டெயின்டட் லாஸ்ட்டை (ஒரே அடியில் சாகும் பாத்திரம்) வைத்து 12 குறியும் வாங்குவது எல்லாருக்குமான வேலை இல்லை, எனக்குத் தெரிந்தவரை அது வேலையே இல்லை, தண்டனை.

யார் வாங்க வேண்டாம்: வாரத்தில் ஒரு மணி நேரம் ஆடுபவர். ஒரு ரன்னுக்கும் அடுத்த ரன்னுக்கும் நடுவில் ஏழு நாள் போனால் 700 ஐட்டம் மனத்தில் நிற்காது. அவருக்கு ரீபர்த்தே சரியான அளவு.

——

மண்பானை42:

தெளிவாச்சு. வாரத்துல 6, 7 மணி நேரம் ஆடறேன், அதனால அடுத்த தள்ளுபடியில மூணும் சேர்த்து எடுத்துக்கறேன். கடைசியா ரெண்டு. ரிப்பென்டன்ஸ் பிளஸ்னு ஒண்ணு தெரியுது, அதுக்குத் தனிக் காசா? 700 ஐட்டத்தை நினைவு வெச்சுக்க வேற வழி இருக்கா, இல்லை ஒவ்வொண்ணுக்கும் ஃபோனைப் பார்க்கணுமா?

——

தூக்கம்கெட்டவன்:

பிளஸ்ஸுக்குக் காசு இல்லை. ரிப்பென்டன்ஸ் இருந்தா இலவசம், 2024 நவம்பர்ல வந்தது, ஆன்லைன்ல சேர்ந்து ஆடறதுதான் அதுல முக்கியம். ஸ்டீம்ல ஐசக் மேல வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஎல்சி. அங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும். பிளஸ் வேண்டாம்னா அந்த டிக்கை எடுத்துடுங்க. ரிப்பென்டன்ஸ் டிக்கையே எடுத்தா ஆஃப்டர்பர்த் பிளஸ்ஸுக்குத் திரும்பிடும்.

ஐட்டத்துக்கு: எக்ஸ்டர்னல் ஐட்டம் டிஸ்கிரிப்ஷன்ஸ்னு மாட் ஒண்ணு ஒர்க்‌ஷாப்ல இருக்கு. பீடத்துக்கிட்ட போய் நின்னா அந்த ஐட்டம் என்ன பண்ணும்னு திரையிலேயே காட்டும். எதிரிகளையோ டேமேஜையோ அது தொடாது.

ஒரு விஷயம் கவனம். மாட் போட்டா சாதனை வராம நிக்கும், அந்த சேவ்ல மாமை ஒரு தடவை முடிக்கற வரைக்கும். புது சேவ் ஆரம்பிச்சா மாட் எல்லாத்தையும் அணைச்சுட்டு முதல்ல மாமை அடிங்க, அப்புறம் போடுங்க. சேவ் இடம் மூணு இருக்கு, எதுல ஆடறீங்கன்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

——

கருப்பு இதயம்:

பிளஸ்ஸை டிக் செய்தால், மாட்டின் ஒர்க்‌ஷாப் பக்கத்தில் அது பிளஸ்ஸில் ஓடுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பென்டன்ஸுக்கு எழுதிய மாட் எல்லாமே அங்கே அப்படியே ஓடுவதில்லை. ஆட்டம் திறந்ததும் மூடிக்கொண்டால் முதலில் மாட்களை அணைத்துப் பாருங்கள்.